போனை மாற்றினால் நெட் வேகம் கூடுமா? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் போன் பழுது பார்க்கும் மேசைக்குப் பின்னால் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மஸ்கெலியா, கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவை என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றைத்தான்: "எந்த போன் வாங்கினால் நெட் வேகமா வரும்?" அவசரத்தில் ஒரு வரியில் சொன்னால் பிழையாகிவிடும். மாதா மாதம் பணம் கட்டி வாங்குகிற பொருள் இது. அதனால் மேசையில் நின்று சொல்ல நேரமில்லாததை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

புது போன் வாங்கியும் வீட்டில் யூடியூப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏமாந்துவிட்டோமா?

பெரும்பாலும் இல்லை. போன் நல்லதாகவே இருக்கும். வீடு இருக்கிற இடம்தான் காரணம். டவரிலிருந்து தரவு போனுக்கு வந்து சேர்வது ஒரு வேலை. வந்ததைப் பிரித்துத் திரையில் காட்டுவது இன்னொரு வேலை. ப்ராசசரின், அதாவது போனின் மூளையான சிப்பின், திறமை பெரிதாகத் தெரிவது இரண்டாவது வேலையில்தான். முதல் வேலையை மலையும் மரமும் கூரையும், அந்த டவரை எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்பதும் தீர்மானிக்கின்றன.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகள் உயர்தரம் படிக்கிறாள். சூம் வகுப்பு அடிக்கடி அறுந்துபோகிறதே என்று சீட்டுக் காசை எடுத்துப் புது போன் வாங்கியிருந்தார். என் மேசையில் வைத்து நெட் வேகத்தை அளந்தபோது 30 எம்பிபிஎஸ், அதாவது செக்கனுக்கு 30 மெகாபிட், காட்டியது. அன்றிரவு மகள் வீட்டில் அளந்து படம் அனுப்பினாள், அதில் ஒரு எம்பிபிஎஸ்கூட இல்லை. அதே போன், அதே சிம். டவர் இருக்கிற மலைக்கு முதுகு காட்டிய சரிவில் அவர்களுடைய லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, இருந்தது. அந்த வகுப்புக்குப் பழைய போனே போதும். வாங்குவதற்கு முன்னால் வந்து கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றைக்கும் மனது கேட்பதில்லை.

அதனால் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். பழைய போனை, அதே சிம்மோடு டவுனுக்குக் கொண்டுபோய் அதே வீடியோவைப் போட்டுப் பாருங்கள். அங்கே சட்டென்று ஓடினால் போனில் குறையில்லை. நல்ல வைஃபையிலும் திணறினால் மட்டும்தான் போனை மாற்றுகிற பேச்சு.

மேட்டு லயத்தில் நன்றாக வருகிறது, பணிய லயத்தில் வருவதில்லை. நூறு அடிதானே வித்தியாசம்?

அந்த நூறு அடிக்குள் ஒரு மலைமுகடு குறுக்கே வந்துவிட்டால் போதும். ரேடியோ அலை ஏறக்குறைய வெளிச்சம் மாதிரிதான், நேர்கோட்டில் போகவே பார்க்கும். முகட்டுக்குப் பின்னால் நிழல் விழும். அந்த நிழலுக்குள்தான் பணிய லயம் கிடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் முகட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற கிட்டத்து டவரைவிட, பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்மலையில் தெரிகிற தூரத்து டவர் நன்றாக வேலை செய்வதைப் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறேன்.

அலையின் நீளத்துக்கும் இதில் பங்கு உண்டு. இங்கே 4ஜி முக்கியமாக 1800 மெகாஹேர்ட்ஸிலும் 900 மெகாஹேர்ட்ஸிலும் ஓடுகிறது. போன் விபரத்தில் இவற்றை பேண்ட் 3, பேண்ட் 8 என்று போட்டிருப்பார்கள். 1800இன் அலை சுமார் 17 சென்டிமீட்டர் நீளம், 900இன் அலை சுமார் 33 சென்டிமீட்டர். நீளமான அலை முகட்டில் கொஞ்சம் வளைந்து இறங்கும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் 900இல் பாதை அகலம் பொதுவாகக் குறைவு. அதனால்தான் சில வீடுகளில் போனில் சிக்னல் கோடு நிறையக் காட்டியும் வேகம் வருவதில்லை.

அப்புறம் கூரை. தகரத்தை ரேடியோ அலை ஊடுருவாது. லயத்துக் காம்பராவில் தகரக் கூரையும் கல் சுவருமாக இருந்தால் சிக்னலுக்கு வாசலும் ஜன்னலும்தான் வழி. உள் காம்பராவில் படிக்கிற பிள்ளையை இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு), அதுவும் எதிர்மலை தெரிகிற பக்கத்துக்கு மாற்றி உட்கார வைப்பதில் கிடைக்கிற வித்தியாசம், போனை மாற்றுவதில் கிடைக்காது. 2020, 2021இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது நம் பிள்ளைகள் மலையுச்சிக்கும் மரத்துக்கும் ஏறிப் படித்ததை மறக்க முடியுமா? அவர்கள் தேடியது டவருக்கும் தங்களுக்கும் நடுவில் தடையில்லாத ஒரு கோட்டைத்தான்.

சிக்னல் நல்லதா கெட்டதா என்று கோட்டைப் பார்த்தால் தெரியாதா?

சரியாகத் தெரியாது. எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு கம்பனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், ஸ்டேட்டஸ், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்ற இடத்தில் மைனஸ் போட்ட ஓர் எண், சிக்னலின் சக்தியை அளக்கிற டிபிஎம் கணக்கில் இருக்கும். போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும், தேடினால் கிடைக்கும்.

மைனஸ் 85 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம். மைனஸ் 110ஐத் தாண்டினால் வகுப்பு அறுந்து அறுந்து வரும். மைனஸ் 120 என்றால் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிறது. இந்தக் கணக்கில் பத்து எண் வித்தியாசம் என்றால் சக்தி பத்து மடங்கு வித்தியாசம். ஆக, வீட்டுக்குள் மைனஸ் 112ம் இஸ்தோப்பில் மைனஸ் 102ம் வந்தால், நான்கு அடி நடந்ததில் பத்து மடங்கு சிக்னல் கிடைத்திருக்கிறது. போனைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து, ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சதம் செலவில்லை.

அடுத்த வீட்டில் வேறு கம்பனி சிம் இருந்தால் அதையும் அதே இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். கொழும்பில் எந்தக் கம்பனி வேகம் என்று வருகிற விளம்பரம் உங்கள் பள்ளத்தாக்குக்குப் பொருந்தாது. டயலொக், மொபிடெல், ஹட்ச் மூன்றுக்கும் டவர் நிற்கிற மலைகள் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. எயார்டெல் 2024இல் டயலொக்குடன் சேர்ந்துவிட்டதால், எயார்டெல் பற்றிய பழைய அனுபவத்தை வைத்து இப்போது முடிவெடுக்கவும் முடியாது.

பனி மூடினால், மழை பெய்தால் நெட் போய்விடுகிறதே?

பனிமூட்டம் காரணமில்லை. 900, 1800 மெகாஹேர்ட்ஸ் அலைக்குப் பனியும் ஒன்றுதான், வெறும் காற்றும் ஒன்றுதான். மழைத்துளியும் இந்த அலையை அவ்வளவாகத் தடுக்காது. நனைந்த சவுக்கு மரக் கூட்டம் நடுவில் இருந்தால் கொஞ்சம் குறையலாம்.

ஆனால் மழைக்காலத்தில் நெட் போவது உண்மைதான். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. மலையில் நிற்கிற பல டவர்களுக்கு ஃபைபர் கேபிள் கிடையாது. மலைக்கு மலை பார்த்து நிற்கிற வட்டத் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள், மைக்ரோவேவ் இணைப்பு அது. அதில் ஓடுவது மிக உயர்ந்த அதிர்வெண். 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேலே போகப் போக அடைமழை அந்த அலையைத் தின்றுவிடும். அந்த நேரம் போனில் கோடு முழுசாகக் காட்டும், நெட் மட்டும் ஓடாது. மற்றது கரண்ட். மின்சாரம் போனால் டவர் பேட்டரியில் சில மணி நேரம் நிற்கும், பிறகு ஜெனரேட்டர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண் சரிந்து வீதியும் மின்சாரமும் போன இடங்களில் போனும் ஊமையானது. அந்த நாட்களில் கையில் எந்த ப்ராசசர் இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே நிலைதான்.

பகலில் பரவாயில்லை, இரவு ஏழு மணிக்குமேல் ஏன் ஆமை மாதிரி?

ஒரு டவர் கொடுக்கிற மொத்த வேகத்தை அதைப் பாவிக்கிற எல்லோரும் பங்கு போடுகிறார்கள். வேலை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்து வீடியோ பார்க்கிற நேரம் அது. தரவிறக்கம் ஏதும் செய்ய வேண்டுமென்றால் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து செய்யுங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பாட வீடியோக்களை அந்த நேரத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் இரவில் அழ வேண்டியதில்லை.

எவ்வளவு வேகம் வந்தால் போதும்?

நினைப்பதைவிடக் குறைவு. யூடியூப் சொல்கிற கணக்குப்படி 480பி வீடியோவுக்கு 1.1 எம்பிபிஎஸ், 720பிக்கு 2.5, 1080பிக்கு 5 போதும். வாட்ஸ்அப்பில் பேச மட்டும் இதில் ஒரு சிறு பங்கு போதும். வீடியோ வகுப்புக்கு, போனிலிருந்து வெளியே போகிற வேகமும் தேவை, அதாவது அப்லோட். நிலையாக 2 எம்பிபிஎஸ் வருகிற வீடு, ஒரு நிமிடம் 20ம் அடுத்த நிமிடம் பூச்சியமும் வருகிற வீட்டைவிட நல்லது.

ஒரு குழப்பம் அடிக்கடி வரும். வேகம் அளக்கும் ஆப் காட்டுவது மெகாபிட். ஃபைல் அளவு இருப்பது மெகாபைட்டில். எட்டால் பிரிக்க வேண்டும். 8 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு செக்கனுக்கு ஒரு மெகாபைட்தான் இறங்கும்.

அப்படியானால் ப்ராசசரைப் பார்க்கவே வேண்டாமா?

பார்க்க வேண்டும், நெட் வேகத்துக்காக இல்லை. ப்ராசசர் என்று நாம் சொல்கிற சிப்புக்குள் கணக்குப் போடுகிற கோர்கள், படம் வரைகிற பகுதி, கேமராவுக்கான பகுதி, டவரோடு பேசுகிற மோடம் எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. மோடத்தை எடுத்துக்கொண்டால், விலை குறைந்த 4ஜி சிப்புக்குக்கூட ஏட்டளவில் 150 எம்பிபிஎஸ்ஸாவது வாங்கும் சக்தி உண்டு. டவரிலிருந்து எட்டோ பத்தோ வருகிற வீட்டில் 390 வாங்குகிற மோடம் என்ன செய்யும்? பெரிய பீப்பாயை வைத்தால் பீலியில் தண்ணீர் கூடவா வரும்?

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். 900ஐயும் 1800ஐயும் ஒரே நேரத்தில் சேர்த்து இழுக்கிற வசதி, கேரியர் அக்ரிகேஷன் என்பார்கள், மிகப் பழைய மலிவு சிப்களில் இருக்காது. உங்கள் டவரில் இரண்டும் இருந்தால் அது இருக்கிற போனில் வேகம் கூடும். அன்டெனா அமைப்பும் போனுக்குப் போன் மாறும். ஒரே சிப் போட்ட இரண்டு போனை என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்தாறு டிபிஎம் வித்தியாசம் பார்த்திருக்கிறேன்.

கடையில் "ஒக்டா கோர், எட்டு கோர் இருக்கு" என்று சொல்லி விற்கிறார்கள். எட்டு இருந்தால் நல்லதா?

எட்டு என்ற எண் எதையும் சொல்லாது, எந்த எட்டு என்று கேளுங்கள். தேயிலை மலையில் எட்டுப் பேர் இறங்கினால் எல்லோரும் ஒரே அளவு கொழுந்தா எடுக்கிறார்கள்? மீடியாடெக் ஹீலியோ ஜி35இல் இருக்கிற எட்டும் ஏ53 கோர்கள். அது 2012இல் அறிவித்த, மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்கான சிறிய கோர். ஹீலியோ ஜி99இலும் எட்டுதான், ஆனால் இரண்டு ஏ76 பெரிய கோர், மற்ற ஆறு ஏ55. ஆப் திறப்பதும் பக்கம் திறப்பதும் பெரும்பாலும் அந்த இரண்டு பெரிய கோரின் கையில்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்த்தால் குழந்தைக்கும் வித்தியாசம் புரியும்.

இன்னொன்று நானோமீட்டர், சிப்பை எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள் என்று சொல்கிற எண். ஜி35, ஜி85, யுனிசொக் டி606 எல்லாம் 12 நானோமீட்டரில் செய்தவை. ஜி99ம் ஸ்னாப்ட்ராகன் 680ம் 6 நானோமீட்டர். எண் சிறியதாகும்போது அதே வேலைக்குக் கரண்ட் குறைவாகச் செலவாகும், சூடும் குறையும்.

என் அபிப்பிராயம் இது. 4ஜி போன்தான் வாங்குவதென்றால் ஜி99 போட்டதைத் தேடுங்கள், மூன்று நான்கு வருடம் ஓடும். பணம் குறைவென்றால் ஜி85 படிப்புக்கும் வாட்ஸ்அப்புக்கும் போதும். 680 பேட்டரிக்கு நல்லது, வேகத்தில் ஜி99க்குப் பின்னால்தான். டி606 அவசரத்துக்கு வாங்கலாம். ஜி35ஐ இன்றைக்குப் புதிதாக வாங்காதீர்கள், மற்றவர்களுக்கு எப்படியோ, என் வீட்டுப் பிள்ளைக்கு நான் வாங்கிக் கொடுக்கமாட்டேன்.

ராம், ஸ்டோரேஜ்?

ராம் 4 ஜிபிக்குக் குறையாமல், முடிந்தால் 6. பெட்டியில் "4+4" என்று போட்டிருந்தால் உண்மையான ராம் நான்குதான், மற்ற நான்கு ஸ்டோரேஜில் கடன் வாங்கியது. ஸ்டோரேஜில் இரண்டு வகை உண்டு, இஎம்எம்சியா யூஎஃப்எஸ்ஸா என்றும் பாருங்கள். இஎம்எம்சி 5.1இன் உச்சம் செக்கனுக்கு 400 மெகாபைட் அளவில் நின்றுவிடும், யூஎஃப்எஸ் 2.2 அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். "போன் ஒரு வருடத்தில் இழுக்க ஆரம்பித்துவிட்டது" என்று வருகிற பல போன்களில், ப்ராசசரைவிட நிரம்பி வழிகிற இஎம்எம்சிதான் காரணமாக இருக்கும்.

வீட்டில் இருந்தால் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது, டவுனில் இறங்குவதில்லை. பேட்டரி பழுதா?

பேட்டரி பழுதில்லை. சிக்னல் பலவீனமான இடத்தில் போன் டவருக்குக் கேட்கும்படி கத்திப் பேசுகிறது. 4ஜி போன் 200 மில்லிவாட் வரை சக்தி கூட்டி அனுப்பும். டவர் பக்கத்தில் இருந்தால் அதில் மிகச் சிறிய பங்கே போதும். சிக்னலே இல்லாத இடத்தில் தேடிக்கொண்டே இருக்கும், அதுவும் செலவுதான். மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது அங்கே சிக்னல் இல்லையென்று தெரிந்தால் ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். இரண்டு சிம் போட்டு ஒன்றுக்கு வீட்டில் சிக்னலே இல்லையென்றால் அதை அணைத்து வையுங்கள்.

கால் வந்தால் நெட் நின்றுவிடுகிறது. ஏன்?

போனில் வோல்ட்டீ இல்லை, அல்லது அணைந்திருக்கிறது. 4ஜி வழியாகவே பேசுகிற வசதி அது. இல்லாவிட்டால் கால் வரும்போது போன் பழைய வலையமைப்புக்கு இறங்கிவிடும். சிம் செட்டிங்கில் தேடிப் போடுங்கள். அங்கே இல்லையென்றால் உங்கள் கம்பனி அந்த மாடலுக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள்.

5ஜி போன் வாங்குவது புத்திசாலித்தனமா?

5ஜி வேகத்துக்காக மட்டும் என்றால் தோட்டத்தில் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். பெரிய வேகம் தருகிற 5ஜி ஓடுவது 3.5 கிகாஹேர்ட்ஸில். அதன் அலை ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை. 1800க்கே முகடு நிழல் போடுகிற நம் மலையில் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நெருக்கமாக டவர் போட்டால்தான் அது வேலை செய்யும்.

ஆனால் சில 5ஜி சிப்கள் சிப் என்ற அளவிலேயே நல்லவை. டைமென்சிட்டி 6100 பிளஸ் 6 நானோமீட்டர், ஸ்னாப்ட்ராகன் 4 ஜென் 2 4 நானோமீட்டர், இரண்டிலும் நல்ல பெரிய கோர்கள். ஜி99 போனுக்கும் அதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் தாராளமாக எடுங்கள், 4ஜியிலும் நன்றாகத்தான் ஓடும். அந்த 3.5 கிகாஹேர்ட்ஸுக்கான பேண்ட் என்78 இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் பூஸ்டர் வாங்கி மாட்டலாமா?

வேண்டாம். அனுமதியில்லாத பூஸ்டர் சட்டப்படி தவறு. நீங்கள் நன்றாகப் பேசும்போது அந்த டவரில் இருக்கிற மற்றவர்களுக்குத் தொல்லை கொடுக்கும். பிரசவ வலியில் இருக்கிற ஒருத்தருக்கு அம்புலன்ஸ் கூப்பிட முடியாமல் போனால்? அதற்குப் பதிலாக வெளி அன்டெனா மாட்டக்கூடிய 4ஜி ரவுட்டர் ஒன்றை இரண்டு மூன்று வீடு சேர்ந்து வாங்கலாம். அன்டெனாவைக் கூரைக்கு மேலே எதிர்மலை டவரைப் பார்க்கத் திருப்பி வைத்தால், நான்கு போன் மாற்றுகிற காசில் ஒரு பங்குக்கு நான்கு போனுக்கும் நெட் வரும். கரண்ட் கம்பிக்கு மேலாக அன்டெனாவைக் கட்ட வேண்டாம், இடி மின்னல் தொடங்குவதற்கு முன்பே கழற்றி வையுங்கள்.

குவைத்திலிருந்து அம்மா போன் அனுப்பியிருக்கிறார். இங்கே வேலை செய்யுமா?

வளைகுடா நாட்டு மாடல்களில் பேண்ட் 3ம் 8ம் பெரும்பாலும் இருக்கும். அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ செய்த பழைய போன்களில்தான் சில நேரம் ஒன்று விடுபட்டிருக்கும். மாடல் எண்ணைப் போட்டுப் பேண்ட் விபரம் தேடிப் பாருங்கள். 900 இல்லாத போன் மலைநிழலில் இருக்கிற வீட்டுக்கு உதவாது.

அதற்கு முன் *#06# அடித்து, ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கிற 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று நான்கு எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த எண், 1909க்கு எஸ்எம்எஸ். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் அது இருக்கிறதா என்று பதில் வரும். கடையில் வாங்குகிற போனுக்கும் காசு கொடுப்பதற்கு முன்னால், கடைக்காரர் முன்னாலேயே இதைச் செய்யுங்கள். நான் விற்கிற போனாக இருந்தாலும் செய்யுங்கள், நான் கோபிக்கமாட்டேன்.